பூத்தும் காய்க்காத பூசணி
பீடைநாசினிகளிலிருந்து தேனீக்களையும் அவற்றின் கூட்டாளிகளையும் காப்பது எப்படி?

"கொடி நன்றாகப் படர்ந்திருக்கிறது. பசளை போட்டோம், தண்ணீர் இறைத்தோம். பூவும் நிறையப் பூத்தது. ஆனால் பிஞ்செல்லாம் மஞ்சளித்து உதிர்ந்துபோகிறது." பூசணி, பாகல், வத்தகை செய்கை பண்ணும் கமக்காரர்களிடமிருந்து அடிக்கடி கேட்கும் முறைப்பாடு இது. பிஞ்சு உதிர்வதைக் கண்டதும் பெரும்பாலானோர் செய்வது கடைக்குப் போய் இன்னொரு போத்தல் மருந்து வாங்கி வருவதுதான். பூச்சி கடித்ததால் உதிர்கிறது என்று நினைத்துத் தெளிக்கிறார்கள். சில வேளைகளில் அது சரியாக இருக்கலாம். ஆனால் பல வேளைகளில் உதிர்வுக்குக் காரணம் பூச்சி வந்தது அன்று. வரவேண்டிய பூச்சி வராமற் போனதே காரணம். அப்படியான இடத்தில் மேலும் மருந்து தெளித்தால், மிஞ்சியிருக்கும் சில தேனீக்களும் மடிந்து, அடுத்த கிழமை பூக்கும் பூக்களும் காயாகாமலே உதிரும்.

இக்கட்டுரையில் பூ காயாவதற்குத் தேனீ ஏன் தேவை, பீடைநாசினி தேனீயை எந்தெந்த வழிகளில் தாக்குகிறது, பயிரையும் காத்துத் தேனீயையும் காப்பதற்குக் கமக்காரர் என்ன செய்யலாம் என்பவற்றை நோக்குவோம்.

பூ எவ்வாறு காயாகிறது?

பூசணிக் கொடியில் இரண்டு வகைப் பூக்கள் உண்டு. நீண்ட காம்பில் தனியே நிற்பது ஆண் பூ. அடியில் சிறு பிஞ்சுபோன்ற பருத்த பகுதியுடன் இருப்பது பெண் பூ. ஆண் பூவிலுள்ள மகரந்தப் பொடி பெண் பூவின் சூலக முடியைச் சென்றடைந்தால்தான் அந்தப் பிஞ்சு வளரும். இந்தப் பொடி பாரமானது, ஒட்டும் தன்மையுள்ளது. காற்று அதைக் கொண்டுசெல்லாது. ஒரு பூச்சிதான் சுமந்து செல்ல வேண்டும்.

அதற்குக் கிடைக்கும் நேரமும் மிகக் குறைவு. பூசணிப் பூ விடியற்காலையில் விரியும், மதியத்துக்கு முன் மூடிவிடும். அந்தச் சில மணித்தியாலங்களுக்குள் தேனீ ஆண் பூவுக்கும் பெண் பூவுக்கும் போய்வர வேண்டும். ஒரு தடவை வந்தாற் போதாது. காயினுள் உருவாகும் ஒவ்வொரு விதைக்கும் ஒரு மகரந்த மணி தேவை. விதை குறைந்தால் காயும் சிறுக்கும். ஒரு பக்கம் பருத்தும் மறு பக்கம் சூம்பியும் இருக்கும் காய்களைச் சந்தையில் கழித்துப் போடுகிறார்களே, அவற்றுட் பல அரைகுறையாக மகரந்தச் சேர்க்கை நடந்த காய்களே.

எல்லாப் பயிருக்கும் தேனீ ஒரே அளவில் தேவைப்படுவதில்லை. நெல் தானே தன்னைச் சூலுறச் செய்துகொள்ளும். பயற்றை, உழுந்து, பாசிப்பயறு ஆகியவையும் பெரும்பாலும் அவ்வாறே. எள்ளு பெருமளவு தானே காய்த்தாலும், தேனீ வந்தால் விளைச்சல் கூடும். மா, தென்னை, முருங்கை என்பன பூச்சிகளால் நன்மை பெறுவன. பூசணி, பாகல், வெள்ளரி, வத்தகை முதலியவை பூச்சியின்றிக் காய்ப்பது மிக அரிது. 2016 ஆம் ஆண்டு வெளியான உயிரினப் பல்வகைமை பற்றிய பன்னாட்டு அறிக்கையொன்றின்படி, உலகின் முக்கிய உணவுப் பயிர் வகைகளில் நான்கில் மூன்று பங்குக்கு மேற்பட்டவை ஓரளவுக்கேனும் விலங்குகளின் மகரந்தச் சேர்க்கையை நம்பியுள்ளன. அப்பயிர்கள் உலக உணவு உற்பத்தியில் ஏறக்குறைய 35 வீதத்தைத் தருகின்றன.

கூலி கேளாத வேலையாட்கள்

தேனீ என்றதும் பெட்டியில் வளர்க்கப்படும் தேனீயே நினைவுக்கு வரும். இலங்கையில் சுமார் 150 இனத் தேனீக்கள் உள்ளன. பெட்டியிலும் மரப் பொந்திலும் பல வதைகள் கட்டி வாழும் நாட்டுத் தேனீ, பெரிய மரங்களிலும் பாறைகளிலும் ஒற்றை வதை தொங்கவிடும் மலைத்தேனீ, பற்றைகளில் கையளவு வதை கட்டும் சிறுதேனீ, சுவர் வெடிப்புகளிலும் மரப் பொந்துகளிலும் மெழுகுக் குழாய் வைத்து வாழும் கொட்டாத கொசுத்தேனீ ஆகியவை தேன் சேகரிப்பவை. ஏனையவற்றிற் பெரும்பாலானவை கூட்டமாக வாழ்வதில்லை. ஒவ்வொரு பெண் தேனீயும் தனித்தனியே நிலத்தில் துளையிட்டோ, காய்ந்த தண்டுகளிலோ முட்டையிடும்.

இந்தத் தனித் தேனீக்களின் பெறுமதியை அறியக் கத்தரிப் பூவைப் பாருங்கள். அதன் மகரந்தம் மஞ்சட் குழாய் போன்ற பைகளுக்குள் அடைபட்டிருக்கும். நுனியில் மட்டும் சிறு துவாரம் உண்டு. உப்புப் போத்தலைக் குலுக்கினால்தான் உப்புக் கொட்டுவதுபோல, இந்தப் பூவையும் அதிர வைத்தால்தான் பொடி வெளியே வரும். பெட்டித் தேனீக்கு இந்த வித்தை தெரியாது. மரத்தைத் துளைத்துக் கூடு கட்டும் பெரிய கருவண்டும், வயிற்றில் நீலக் கோடுகளுள்ள நிலத் தேனீயும் பூவைப் பிடித்துக்கொண்டு இறக்கைத் தசைகளை அதிரச் செய்து பொடியை உதிர்த்தெடுக்கும். தோட்டத்தில் 'ஙொய்' என்று கேட்கும் அந்தச் சத்தம் வேலை நடக்கும் சத்தம். வேலி மரத்தைத் துளைக்கிறது என்று கருவண்டை அடித்துக் கொல்பவர் தன் கத்தரிக்காயைத்தான் அடிக்கிறார்.

இரவில் வேலை செய்வோரும் உண்டு. புடோல், சுரை, பீர்க்கு ஆகியவற்றின் பூக்கள் மாலையில் அல்லது இரவில் விரிபவை. இவற்றுக்கு அந்திப் பூச்சிகள் எனப்படும் இராக்கால வண்ணத்துப்பூச்சிகள் வருகின்றன. மாம்பூவுக்கு ஈக்களும் கொசுத்தேனீக்களும் வருகின்றன. இவர்கள் யாருக்கும் நாம் கூலி கொடுப்பதில்லை. ஆகையால் இவர்கள் வேலைக்கு வராமல் விடும்வரை இவர்களின் பெறுமதி எமக்குத் தெரிவதுமில்லை.

நஞ்சு சென்றடையும் வழிகள்

பீடைநாசினி தேனீயை நேரே நனைத்தால் மட்டுமே அது சாகும் என்று பலர் எண்ணுகின்றனர. உண்மையில் வழிகள் பல.

முதலாவது, நேரடியாகப் படுதல். பூ விரிந்திருக்கும் காலை வேளையில் தெளித்தால், வயலிலுள்ள தேனீக்கள் அங்கேயே விழும் அல்லது கூட்டுக்குத் திரும்பும் வழியில் விழும்.

இரண்டாவது, இலையிலும் பூவிலும் படிந்திருக்கும் எச்சம். தெளித்தவர் வீடு போன பின்னரும் நஞ்சு அங்கேயே இருக்கும். சில மருந்துகள் சில மணித்தியாலங்களில் வலுவிழக்கும். வேறு சில பல நாட்கள் நிற்கும். தூள் வகை மருந்துகள் மிகவும் தீங்கானவை. தேனீயின் உடல் மயிரில் மகரந்தம் ஒட்டுவதுபோலவே நஞ்சுத் தூளும் ஒட்டும். தேனீ அதைக் கூட்டுக்குக் கொண்டுபோய்க் குஞ்சுகளுக்கும் ஊட்டும்.

மூன்றாவது, செடியினுட் செல்லும் மருந்து. இமிடாகுளோபிரிட், தயமெதொக்சாம், குளோதயனிடின் முதலியவை நியோநிகொட்டினொயிட் என்ற வகுப்பைச் சேர்ந்தவை. இவற்றை விதையிற் பூசினாலும் வேரில் ஊற்றினாலும் செடி உறிஞ்சிக்கொள்ளும். தண்டு, இலை, ஈற்றில் பூவின் தேனிலும் மகரந்தத்திலும் கூட இவை காணப்படும். இங்கே காலையில் தெளித்தோமா மாலையில் தெளித்தோமா என்ற கேள்விக்கே இடமில்லை. இமிடாகுளோபிரிட்டைப் பொறுத்தவரை, உட்கொண்ட தேனீக்களிற் பாதி இறந்துபோகும் அளவு ஒரு தேனீக்கு ஏறக்குறைய 4 நானோகிராம். அதாவது ஒரு கிராமை 25 கோடி தேனீக்களுக்குப் பங்கிட்டாற் கிடைக்கும் பங்கு.

நான்காவது, நீர். கூட்டைக் குளிர்விக்கத் தேனீக்கள் நீர் கொண்டுவரும். இலையில் நிற்கும் துளி, வாய்க்கால் ஓரத்துத் தேக்கம், தெளிகருவி கழுவிய இடத்துக் குழி எதுவாயினும் அவற்றுக்கு நீர்தான்.

ஐந்தாவது வழி கண்ணுக்குத் தெரியாதது. சாகாத அளவு நஞ்சும் தேனீயைக் கெடுக்கும். பிரான்ஸ் நாட்டு ஆய்வாளர்கள் தேனீக்களின் முதுகில் மிகச் சிறிய இலத்திரனியல் அடையாளங்களை ஒட்டி, கொல்லாத அளவு தயமெதொக்சாம் கொடுத்து வெளியே விட்டனர். நஞ்சு உண்ணாத தேனீக்களைவிட நஞ்சு உண்டவற்றில் மிகுதியானவை கூட்டுக்குத் திரும்பவில்லை. வழி தவறிவிட்டன. இம்முடிவு 2012 இல் வெளியானது. வெளியே போன தேனீ திரும்பாவிட்டால் பெட்டியின் முன் பிணம் இராது. பெட்டி மட்டும் நாளுக்கு நாள் வெறுமையாகும். வளர்ப்பவர் 'தேனீ ஓடிவிட்டது' என்று எண்ணிக்கொள்வார்.

பூச்சிநாசினி மட்டுமே குற்றவாளி என்றும் சொல்வதற்கில்லை. சில பங்கசுநாசினிகள் தனியே தேனீயைக் கொல்லாவிடினும், பூச்சிநாசினியுடன் சேரும்போது அதன் நஞ்சைப் பன்மடங்காக்கும். ஒரே தாங்கியில் இரண்டு மூன்று மருந்துகளைக் கலந்தடிக்கும் பழக்கம் இதனால் ஆபத்தானது. களைநாசினியோ வேறு விதத்தில் வேலை செய்கிறது. வரம்பிலுள்ள தும்பை, துளசி, தொட்டாற்சிணுங்கி எல்லாவற்றையும் அது எரித்துவிடுகிறது. பயிர் பூக்காத மாதங்களில் தேனீக்கு உணவு அவைதான்.

பிற நாடுகளில் நடந்தவை

2008 ஆம் ஆண்டு வசந்த காலத்தில் ஜேர்மனியின் மேல் றைன் பள்ளத்தாக்கில் சோளம் விதைக்கப்பட்டது. விதைகளில் குளோதயனிடின் பூசப்பட்டிருந்தது. பூச்சு விதையில் நன்றாக ஒட்டாததால், காற்றழுத்தத்தால் இயங்கும் விதைப்பு இயந்திரம் அதைத் தூளாக வெளியே வீசியது. தூள் அயலிற் பூத்திருந்த பயிர்களிலும் செடிகளிலும் படிந்தது. ஏறக்குறைய 700 தேனீ வளர்ப்போரின் 11,500 வரையான கூட்டங்கள் பாதிக்கப்பட்டன. சோளத்துக்குத் தேனீ தேவையில்லை. மருந்து இடப்பட்டதும் தெளிப்பாக அன்று, விதைப் பூச்சாக. ஆயினும் அழிவு நேர்ந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2013 இல் இமிடாகுளோபிரிட், குளோதயனிடின், தயமெதொக்சாம் ஆகிய மூன்றின் பாவனையையும் மட்டுப்படுத்தி, 2018 இல் நிரந்தரப் பசுமைக்கூடங்களுக்கு வெளியே அவற்றைப் பயன்படுத்துவதை முற்றாகத் தடுத்தது.

நெல் விளையும் எமக்கு யப்பானின் அனுபவம் இன்னும் நெருக்கமானது. 2013 முதல் 2015 வரை அந்நாட்டு விவசாய அமைச்சு தேனீ இறப்புகளைத் திரட்டி ஆராய்ந்தது. நெற்பயிர் பூக்கும் காலத்தில், கதிர்ச் சாற்றை உறிஞ்சும் மூட்டுப்பூச்சிகளுக்கு மருந்து தெளிக்கும் நாட்களிலேயே இறப்புகள் மிகுந்திருந்தன. நெல்லுக்குத் தேனீ தேவையில்லாவிட்டாலும், நெற்பூவின் மகரந்தத்தைத் தேடித் தேனீ வயலுக்கு வரும். வயலில் தேனீக்கு வேலையில்லை என்று எண்ணித் தெளிப்பது தவறு.

சீனாவின் சிச்சுவான் மாகாணத்திலுள்ள ஹன்யுவான் பகுதியில், 1980 களிலிருந்து பேரி மரங்களுக்கு மனிதர்களே மகரந்தம் தடவிவந்தனர். மரத்திலேறி, தடியின் நுனியில் இறகு கட்டி, பூப்பூவாகத் தொட்டனர். நல்ல விலை பெறும் பேரி இனம் தன் மகரந்தத்தால் காய்க்காது என்பதும், மகரந்தம் தரும் மற்ற இன மரங்கள் குறைவாக இருந்ததும் இதற்கு ஒரு காரணம். அடிக்கடி மருந்து தெளிக்கும் தோட்டங்களுக்குத் தேனீ வளர்ப்போர் பெட்டி கொண்டுவர மறுத்தது மற்றொரு காரணம். கூலி குறைவாக இருந்த காலத்தில் இது கட்டுப்படியானது. கூலி ஏற ஏற அது பாரமாயிற்று. தேனீ இலவசமாகச் செய்த வேலையை ஆள் பிடித்துச் செய்தால் என்ன செலவாகும் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

எமது நாட்டில்

இலங்கையில் பீடைநாசினிகளைப் பதிவு செய்வதற்கும் கட்டுப்படுத்துவதற்கும் 1980 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சட்டம் உண்டு. அதன்கீழ்ப் பீடைநாசினிகள் பதிவாளர் ஒருவர் உள்ளார். மனித உயிரிழப்புகளைக் குறைப்பதற்காக 1995 இல் மொனோகுரோட்டோபொஸ், மெதமிடொபொஸ் ஆகியவையும், 1998 இல் என்டோசல்பானும் தடுக்கப்பட்டன. 2008 முதல் 2011 வரையான காலத்தில் டைமெதொயேற், பென்தியோன், பரகுவாட் என்பன படிப்படியாக விலக்கப்பட்டன. இவற்றில் மொனோகுரோட்டோபொஸ், டைமெதொயேற் என்பன தேனீக்கும் கொடிய நஞ்சுகளே. தேனீக்கு ஒரு மருந்து எவ்வளவு கொடியது என்று ஆய்வுகூடங்களில் அளக்கும்போது ஒப்பீட்டு நஞ்சாகப் பயன்படுத்தப்படுவது டைமெதொயேற்தான். மனிதனுக்காகச் செய்த தடை தேனீக்கும் உதவியது.

மறுபுறம், 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை, பீடைநாசினி இறக்குமதி திடீரென நிறுத்தப்பட்டதும், விளைச்சல் வீழ்ந்து அவ்வாண்டு நவம்பரில் அத்தடை தளர்த்தப்பட்டதும் எல்லோரும் அறிந்ததே. மாற்று வழியைக் கையிற் கொடுக்காமல் மருந்தைப் பறித்தால் கமக்காரர் தாங்கமாட்டார். கடன்பட்டுப் பயிர் வைத்தவரிடம் 'தெளிக்காதே' என்று மட்டும் சொல்வது நியாயமாகாது. எப்போது தெளிக்கத் தேவையில்லை, தெளித்தேயாக வேண்டுமென்றால் எப்படி என்பதைச் சேர்த்தே சொல்ல வேண்டும்.

முதலிற் சோதித்தறிவோம்

பிஞ்சு உதிர்வது தேனீக் குறைவினாலா, வேறு காரணத்தினாலா என்பதைச் செலவின்றி அறியலாம். பூசணிக் கொடியில் மறுநாள் விரியக்கூடிய பெண் மொட்டுகள் முதல்நாள் மாலையே நுனி மஞ்சளாகித் தெரியும். 20 மொட்டுகளைத் தெரிந்து, பத்துக்குச் சிவப்பு நூலும் பத்துக்கு வெள்ளை நூலும் கட்டுங்கள். ஒரே நாளில் 20 கிடைக்காவிடின் இரண்டு மூன்று நாட்களிற் செய்யலாம். காலை 6 மணி முதல் 8 மணிக்குள் ஆண் பூக்களைப் பறித்து, இதழ்களை நீக்கி, மஞ்சட் பொடியைச் சிவப்பு நூற் பூக்களின் நடுவில் மெதுவாகத் தடவுங்கள். வெள்ளை நூற் பூக்களைத் தொடாமல் விடுங்கள்.

ஒரு கிழமையின் பின் எண்ணிப் பாருங்கள். சிவப்பு நூற் பிஞ்சுகள் வளர்ந்து வெள்ளை நூற் பிஞ்சுகள் உதிர்ந்திருந்தால், தோட்டத்துக்கு வேண்டியது தேனீ. இரண்டுமே உதிர்ந்திருந்தால் நீர், பசளை, நோய், கடும் வெயில் ஆகியவற்றிற் காரணத்தைத் தேட வேண்டும். இரண்டுமே வளர்ந்திருந்தால் கவலையில்லை. பிஞ்சில் துளையும் உள்ளே புழுவும் இருந்தால் அது பழ ஈயின் வேலை. சோதித்த பின்னரே போத்தலைத் தொடுவது நல்லது.

கமக்காரர் செய்யக்கூடியவை

1. எண்ணிப் பார்த்துத் தெளியுங்கள். நாட்காட்டியைப் பார்த்துக் கிழமைக்கு ஒரு தடவை தெளிக்கும் வழக்கத்தைக் கைவிடுங்கள். செடிகளைச் சுற்றிப் பார்த்து, பீடை பொருளாதாரச் சேதம் தரும் அளவை எட்டியுள்ளதா என்று அறியுங்கள். ஐயமிருந்தால் உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரைக் கேளுங்கள்.

2. மருந்தில்லா வழிகளை முதலில் கையாளுங்கள். கத்தரியில் தண்டும் காயும் துளைக்கும் புழு தாக்கினால் குருத்து வாடித் தொங்கும். அதைக் கண்டவுடன் புழு இருக்கும் இடத்துக்குக் கீழே கிள்ளியெடுத்து எரியுங்கள். அயலவர் எல்லோரும் செய்தால் பலன் பெரிது. பாகல், புடோல் பிஞ்சுகளைக் கடதாசிப் பையாற் கட்டினால் பழ ஈ அணுகாது. ஆனால் பூ வாடிப் பிஞ்சு பிடித்த பின்னரே பை கட்ட வேண்டும். ஈ குத்திய காய்களைத் தோட்டத்தில் எறியாமல் ஆழப் புதைத்துவிடுங்கள். ஆண் ஈக்களைக் கவரும் பொறிகளும் உதவும்.

3. வேப்பங்கொட்டைக் கரைசலைப் பயன்படுத்திப் பாருங்கள். உலர்ந்த வேப்பம் பருப்பு அரைக் கிலோவை இடித்து, துணியில் முடிந்து, 10 லீற்றர் நீரில் ஓர் இரவு ஊறவிட்டுப் பிழிந்து வடித்து, சிறிதளவு சவர்க்காரம் கலந்து அன்றே தெளிக்க வேண்டும். இது தேனீக்கு ஒப்பீட்டளவில் தீங்கு குறைந்தது. ஆயினும் இதனையும் விரிந்த பூவில் தெளிக்கக் கூடாது.

4. பூக்கும் பயிரில் தெளிக்காதீர்கள். பீடைக் கட்டுப்பாடு தேவையெனில் இயன்றவரை பூ வருமுன் முடித்துக்கொள்ளுங்கள். செடியினுட் செல்லும் மருந்துகளைப் பூசணி, வெள்ளரி போன்ற பயிர்களுக்குப் பூ அரும்பும் காலத்தில் இடவே கூடாது.

5. தெளிக்கவே வேண்டுமென்றால் நேரம் அறிந்து தெளியுங்கள். பூசணி, பாகல், வெள்ளரி ஆகியவற்றில் பூ மூடித் தேனீ கூடடைந்த மாலை வேளையே ஏற்றது. இரவு முழுவதும் மருந்து காய்ந்து வலுக்குறைய அவகாசம் கிடைக்கும். வெயில் தணிந்த அவ்வேளை தெளிப்பவரின் உடம்புக்கும் நல்லது. புடோல், சுரை, பீர்க்கு ஆகியவை மாலையில் பூப்பதால் இந்த விதி அவற்றுக்குப் பொருந்தாது. அவற்றில் பூக்கும் காலம் முழுவதும் தெளிக்காமல், பை கட்டுதல், பொறி வைத்தல் ஆகியவற்றையே நம்புவது சிறந்தது.

6. போத்தலின் சிட்டையை வாசியுங்கள். வியாபாரப் பெயர் பலவாக இருக்கும். உள்ளே இருக்கும் செயற்படு பொருள் எது என்று பாருங்கள். தேனீக்கு நஞ்சு என்ற எச்சரிக்கை உண்டா எனப் பாருங்கள். தெரிவு செய்ய முடியுமானால் தூளைத் தவிருங்கள், விரைவில் வலுவிழப்பதை எடுங்கள். குறித்த அளவுக்குமேல் விடாதீர்கள். மருந்துகளைக் கலக்காதீர்கள்.

7. காற்று வீசும்போது தெளிக்காதீர்கள். உங்கள் பயிர் பூக்காவிட்டாலும் அயலவரின் பயிர் பூத்திருக்கலாம். தெளிகருவியைக் கிணற்றடியிலோ வாய்க்காலிலோ கழுவ வேண்டாம். யாழ்ப்பாணக் குடாநாடு போன்ற சுண்ணக்கல் நிலத்தில் ஊற்றியது கிணற்றுக்கே வந்துசேரும். தேனீ குடிக்கும் நீரும் நாம் குடிக்கும் நீரும் ஒன்றே.

8. தேனீக்கு உணவும் இடமும் விடுங்கள். வரம்பில் ஒரு பகுதியையேனும் களைநாசினி படாமல் விடுங்கள். வேலியில் முருங்கை, பூவரசு, கிளிசரியா நில்லட்டும். வளவில் வேம்பும் நாவலும் புளியும் இருந்தால் மாறிமாறிப் பூத்துத் தேனீயைக் காக்கும். வேலிகள் மதில்களாகும்போது இந்தப் பூக்களையும் இழக்கிறோம். நிலத் தேனீக்காக ஒரு மூலையை உழாமல் விடுங்கள். கருவண்டுக்காகக் காய்ந்த மரத்துண்டு ஒன்றைப் போட்டுவையுங்கள்.

தேனீ வளர்ப்போருக்கு

பெட்டியின் முன் ஒரே நாளில் தேனீக்கள் குவியலாக இறந்து கிடத்தல், நாக்கு வெளியே நீண்டிருத்தல், நடுங்கிக்கொண்டு தரையில் ஊர்தல், பறக்க முடியாது சுழலுதல் என்பன நஞ்சூட்டத்தின் அறிகுறிகள். ஆனால் எல்லா இறப்பும் மருந்தினால் அன்று. குஞ்சுகள் பைபோல் நீர்கோத்து இறந்தால் அது வைரசு நோய். வதையில் வலையும் புழுவும் காணப்பட்டால் மெழுகு அந்துப்பூச்சி. காரணத்தைச் சரியாக அறிந்தபின்பே அயலவரைக் குறை கூற வேண்டும்.

பெட்டிகள் எங்குள்ளன என்பதைச் சுற்றுவட்டாரக் கமக்காரர்களுக்குத் தெரியப்படுத்துங்கள். தெளிப்பதற்கு முதல்நாளே அறிவிக்கும்படி கேளுங்கள். அறிவித்தல் கிடைத்தால், இரவில் பெட்டியைத் தூர எடுத்துச் செல்லலாம். முடியாவிட்டால், நனைத்த சாக்கினால் மூடி, காற்றோட்டம் விட்டுச் சில மணித்தியாலம் அடைத்து வைக்கலாம். வெயிலில் நாள் முழுவதும் அடைத்தால் வெப்பத்தினாலேயே கூட்டம் அழியும். பெட்டிக்கு அருகே கல் இட்ட தட்டில் தூய நீர் எந்நாளும் இருக்கட்டும்.

ஒருவர் செய்தாற் போதாது

தேனீக்கு வேலி தெரியாது. நாட்டுத் தேனீ உணவு தேடி ஒரு கிலோமீற்றருக்கு அப்பாலும் பறக்கும். அந்த வட்டத்துக்குள் எத்தனை பேரின் தோட்டங்கள் அடங்கும் என்று எண்ணிப் பாருங்கள். ஒருவர் கவனமாக இருந்து, அடுத்த காணிக்காரர் காலை 8 மணிக்குப் பூவில் தெளித்தால் இருவருக்குமே காயில்லை. ஆகவே இது தனியாளின் காரியமன்று. கமக்காரர் அமைப்பின் அடுத்த கூட்டத்தில் இதை ஒரு விடயமாக எடுத்துப் பேசலாம். காலையில் பூவில் தெளிப்பதில்லை, தெளிக்குமுன் பெட்டிக்காரருக்குச் சொல்வது, பொதுக் குளக்கரையிலும் வாய்க்கால் ஓரத்திலும் களைநாசினி அடிப்பதில்லை என்ற மூன்று முடிவுகளை எடுத்தாலே போதும். இம்மூன்றுக்கும் எவரும் பணம் செலவழிக்க வேண்டியதில்லை.

தொடங்குவதற்கு ஒரு சிறு வேலை: நாளைக் காலை 7 மணிக்கு உங்கள் தோட்டத்தில் விரிந்த பத்துப் பூக்களுக்கு அருகே பத்து நிமிடம் இருந்து, எத்தனை தேனீ வந்தது என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். கிழமைக்கு ஒரு நாள் இவ்வாறு செய்யுங்கள். மருந்து தெளித்த மறுநாளும் எண்ணுங்கள். அந்தக் கணக்கைக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். மற்றவர்களும் தங்கள் கணக்குடன் வந்தால், கிராமத்தின் எந்தப் பக்கத்தில் தேனீ குறைகிறது, ஏன் குறைகிறது என்பதை நீங்களே கண்டறிந்துவிடலாம்.